காத்துல டெலஸ்கோப் ஏன் ஆடுது, எதை மாத்துனா அடங்கும்

ஜூபிடர 200 மடங்குல வெச்சு பாத்துட்டு இருக்கும்போது ஒரு காத்து அடிச்சா அது அப்படியே கோடா இழுத்து நடுங்கும், ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு தான் திரும்ப வட்டமா வரும், அதுக்குள்ள அடுத்த காத்து வந்துரும். மொட்டை மாடில ஸ்கோப் வெச்சிருக்குற யாருக்கும் இது தெரியாம இருக்காது. ஆனா காரணம் கேட்டா பாதி பேர் "ஸ்கோப் வெயிட் பத்தல, அதான் ஆடுது"ன்னு சொல்வாங்க. வெயிட்ட தப்பான இடத்துல ஏத்துனா ஆட்டம் இன்னும் அதிகமாகும், அது ஏன்னு கீழ வரும். இங்க பேசப்போறது பெரும்பாலும் நம்ம ஆளுங்ககிட்ட இருக்குற செட்டப் பத்தி தான்: 6 இன்ச், 8 இன்ச் நியூட்டோனியன் (அடில கண்ணாடி வெச்ச ஸ்கோப்), ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுத்துறதோட சேந்து ஸ்கோப்ப திருப்புற தாங்கி), மூணு கால் டிரைபாட், கீழ கான்கிரீட் தளம்.

மொதல்ல ஒண்ண பிரிச்சுக்கணும். படம் கெட்டுப்போகுதுன்னா அது எப்பவும் ஸ்கோப் ஆடுறதால இல்ல. வளிமண்டலத்துல சூடும் குளிருமா காத்து கலங்குறதால வர்றத சீயிங்னு சொல்றோம், அது ஸ்கோப் மலை மாதிரி நின்னாலும் இருக்கும். ரெண்டையும் ஐபீஸ்லயே, அதாவது கண்ணு வெச்சு பாக்குற லென்ஸ்லயே, கண்டுபிடிச்சுரலாம். நிலாவோட ஓரத்த பாருங்க. ஓரம் அங்கங்க தனித்தனியா நெளிஞ்சு கொதிக்குதுன்னா சீயிங். நிலா மொத்தமும், அதுல இருக்குற எல்லா பள்ளமும் ஒரே நேரத்துல ஒரே பக்கமா போய்ட்டு வந்துச்சுன்னா ஸ்கோப் ஆடுது. போட்டோலயும் இதே தான். சீயிங்ல நட்சத்திரம் எல்லாம் உப்பி வட்டமாவே இருக்கும், காத்துல ஆடுனா ஃப்ரேம் முழுக்க எல்லா நட்சத்திரமும் ஒரே திசைல முட்டை மாதிரி இழுத்திருக்கும். ட்ராக்கிங் தப்பு இருந்தாலும் இழுக்கும் தான், ஆனா அது பெரும்பாலும் ஆர்ஏ திசைல (வானம் சுத்துற கிழக்கு மேற்கு திசை) தான் இருக்கும், வரிசையா எல்லா ஃப்ரேம்லயும் இருக்கும். காத்து அப்படி ஒழுங்கா வராது, நாலு ஃப்ரேம் நல்லா இருக்கும், அஞ்சாவது நாசமாயிருக்கும்.

எவ்ளோ சின்ன ஆட்டத்த பத்தி பேசுறோம்னு ஒரு கணக்கு. ஒரு மீட்டர் நீள டியூபோட ஒரு முனை 5 மைக்ரான் நகந்தாலே ஸ்கோப் வானத்துல 1 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600-ல ஒரு பங்கு) திரும்பிருச்சுன்னு அர்த்தம். தலைமுடி தடிமன சுமார் 70 மைக்ரான்னு வெச்சுக்கலாம். அப்ப முடி தடிமன் அளவுக்கு டியூப் முனை அசைஞ்சா 14 ஆர்க்செகண்ட். ஜூபிடர் நமக்கு கிட்ட வர்ற காலத்துல அதோட விட்டமே 45 ஆர்க்செகண்ட் சுத்தி தான். அதாவது ஒரு முடி அளவு அசைவுல ஜூபிடர் தன் சைஸ்ல மூணுல ஒரு பங்கு தூரம் தாவிரும். கண்ணால டியூப்ப பாத்துட்டு "அசையவே இல்லையே"ன்னு சொல்றது இதனால தான் பிரயோஜனம் இல்ல.

இப்ப காத்து எவ்ளோ தள்ளுது? காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். மணிக்கு 10 கிமீ காத்துன்னா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 4.6 நியூட்டன், 20 கிமீன்னா 18 சொச்சம், 30 கிமீன்னா 41 சொச்சம். 8 இன்ச் எஃப்/5 நியூட்டோனியன் டியூப் கிட்டத்தட்ட 92 செமீ நீளம், 23 செமீ அகலம், பக்கவாட்டுல காத்து படுற பரப்பு 0.21 சதுர மீட்டர். அப்ப 10 கிமீ காத்துல டியூப் மேல விழுறது சுமாரா 100 கிராம் எடை அளவு தள்ளல், 20 கிமீல 400 கிராம், 30 கிமீல 900 கிராம். வேகம் மூணு மடங்கு, தள்ளல் ஒம்போது மடங்கு. 80 மிமீ சின்ன ரிஃப்ராக்டர (முன்னாடி லென்ஸ் வெச்ச ஸ்கோப்) எடுத்துகிட்டா அதோட பரப்பு இதுல ஆறுல ஒரு பங்கு தான் இருக்கும், அதனால தான் அதே மாடில, அதே காத்துல, பக்கத்துல நிக்கிற நண்பரோட குட்டி ஸ்கோப் பாட்டுக்கு நின்னுட்டு இருக்கு.

400 கிராம் என்ன பெரிய விசயமான்னு தோணலாம். காத்து ஒரே சீரா 20 கிமீ வேகத்துல விடாம அடிச்சா உண்மைலயே பெரிய விசயம் இல்ல, ஸ்கோப் ஒரு பக்கமா கொஞ்சம் சாஞ்சு அங்கயே நிக்கும், நாம அத திரும்ப சென்டர் பண்ணிட்டு பாக்கலாம். ஆனா தரைக்கிட்ட வீசுற காத்து அப்படி இருக்காது, விட்டு விட்டு தான் வரும். வேகம் எட்டுலருந்து இருபதுக்கு ஏறும், திரும்ப பத்துக்கு இறங்கும். தள்ளல் திடீர்னு வந்தா, அதே தள்ளல் மெதுவா வந்தப்ப சாஞ்சத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சாஞ்சு, அப்புறம் திரும்பி வந்து, அந்தப் பக்கம் போய், ஆடிகிட்டே இருக்கும். நாம ஐபீஸ்ல பாக்குற நடுக்கம் பெரும்பாலும் காத்து நேரடியா தள்றது இல்ல, காத்து ஒரு தடவ தள்ளிட்டு போனதுக்கு அப்புறம் மவுண்ட் தன்பாட்டுக்கு ஆடுறது.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வேகம் இருக்கு, இயல்பு அதிர்வெண்ணு பாடப்புத்தகத்துல படிச்சது தான். ஸ்கோப்ப ஒரு தட்டு தட்டி விட்டா ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அது போய்ட்டு வருதோ அது. நம்ம பட்ஜெட்ல வர்ற மவுண்ட் எல்லாம் ஒரு செகண்டுக்கு சில தடவைலருந்து பத்து பன்னெண்டு தடவைக்குள்ள ஆடுற ரகம். இது ரெண்டு விசயத்தால முடிவாகுது: மவுண்டும் டிரைபாடும் எவ்ளோ விறைப்பா இருக்கு, டியூபோட எடை அச்சுலருந்து எவ்ளோ தூரத்துல பரவியிருக்கு. விறைப்பு கூடுனா அதிர்வெண் கூடும், எடை தூரமா பரவுனா அதிர்வெண் குறையும்.

இதுல ஒரு நல்ல செய்தி ஒளிஞ்சிருக்கு. அதே டியூப், அதே காத்து, ஆனா மவுண்டோட அதிர்வெண்ண ரெண்டு மடங்கு ஆக்க முடிஞ்சா சாயுற அளவு நாலுல ஒண்ணா குறைஞ்சுரும். தோராயக் கணக்கு ஒண்ணு: 8 இன்ச் நியூட்டோனியன், 400 கிராம் தள்ளல், அது அச்சுலருந்து கால் மீட்டர் தள்ளி வேலை செய்யுது, சுழற்சி நிலைமம் (திருப்புனா எவ்ளோ அடம் புடிக்கும்ன்ற அளவு) 1.5 கிலோகிராம் மீட்டர் வர்க்கம்னு வெச்சா, 5 ஹெர்ட்ஸ் மவுண்ட் சுமார் 140 ஆர்க்செகண்ட் சாயும். அது ஜூபிடர் மாதிரி மூணு கோள வரிசையா வெச்ச தூரம். 10 ஹெர்ட்ஸ் மவுண்ட் 35 ஆர்க்செகண்ட். 20 ஹெர்ட்ஸ்னா 9. மவுண்ட்ல காசு போடுங்கன்னு பழைய ஆளுங்க தலை தலையா அடிச்சுக்கறதுக்கு பின்னாடி இருக்குற கணக்கு இது தான், ஆனா நம்ம ஆளுங்க கடைசி ரூபா வரைக்கும் கண்ணாடி சைஸ்ல போட்டுட்டு மிச்சத்துல மவுண்ட் வாங்குறாங்க. என்னைக் கேட்டா காத்து அடிக்கிற ஊர்ல 8 இன்ச்ச ஒரு சுமார் மவுண்ட்ல வைக்கறத விட 6 இன்ச்ச நல்ல மவுண்ட்ல வெச்சா தான் வருசத்துல அதிக ராத்திரி உருப்படியா பாக்க முடியும்.

உங்க மவுண்ட் எத்தன ஹெர்ட்ஸ்னு கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். ஃபைபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, போன்ல இருக்குற ஆக்ஸிலரோமீட்டர வெச்சு அதிர்வெண் கிராஃப் போட்டுக் காட்டும். போன டியூப்ல ரப்பர் பேண்ட் போட்டு கட்டி, டியூப்ப விரலால தட்டி விட்டா கிராஃப்ல ஒரு முள் எழும்பும், அது தான் உங்க நம்பர். கேமரா வெச்சிருக்கவங்களுக்கு இன்னும் அழகான வழி ஒண்ணு இருக்கு. வான நடுக்கோட்டுக்கு கிட்ட இருக்குற ஒரு பிரகாசமான நட்சத்திரத்த வெச்சுட்டு ட்ராக்கிங்க ஆஃப் பண்ணிட்டு ஒரு பத்து செகண்ட் எக்ஸ்போஷர் எடுங்க. ட்ராக்கிங் இல்லன்னா அங்க நட்சத்திரம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகந்து கோடு போடும். காத்து இல்லன்னா நேர்க்கோடு, ஸ்கோப் ஆடிச்சுன்னா அந்த கோடு அலை அலையா வரும். 1000 மிமீ ஃபோகல் லெந்த், 3.76 மைக்ரான் பிக்சல்னா ஒரு பிக்சல் 0.78 ஆர்க்செகண்ட், அப்ப 5 ஹெர்ட்ஸ் ஆட்டத்துல நாலு பிக்சலுக்கு ஒரு அலை தெரியும். ஸூம் பண்ணி எண்ணிக்கலாம். அலையோட உயரம் எவ்ளோ ஆடுச்சுன்னு சொல்லும், அலை எந்த இடத்துல செத்துப்போகுதுன்றது எவ்ளோ நேரத்துல அடங்குச்சுன்னு சொல்லும். டெக் அச்சுல (ஸ்கோப்ப வடக்கு தெற்கா திருப்புற அச்சு) வர்ற ஆட்டம் தான் இப்படி அலையா வரும், ஆர்ஏ அச்சு ஆட்டம் கோடு மேலயே அங்கங்க திட்டு திட்டா பிரகாசமா தெரியும். ஒரே படத்துல எந்த அச்சு மோசம்னு தெரிஞ்சுரும்.

அடங்குற நேரம்னு சொன்னேன்ல, அது தனி விசயம். ஹை பவர் ஐபீஸ் போட்டு டியூப்ப லேசா தட்டி படம் நிக்கிற வரைக்கும் எண்றது பழைய டெஸ்ட். ஒண்ணு ஒன்றரை செகண்ட்ல நின்னா ரொம்ப நல்ல மவுண்ட், மூணு செகண்ட் பரவால்ல, அஞ்சுக்கு மேல போனா காத்து நாள்ல அத வெளிய எடுக்காதீங்க, ஏன்னா ஒரு காத்து ஆட்டி அது அடங்குறதுக்குள்ள அடுத்த காத்து வந்துரும், ஆட்டம் ஆட்டத்து மேல ஏறிட்டே போகும். மரக்கால் டிரைபாட் இன்னைக்கும் சில பேர் விடாம வெச்சிருக்கறது இதுக்கு தான். மரத்துக்குள்ள இருக்குற நார் அமைப்பு அதிர்வ உள்ளயே வாங்கி தின்னுரும். மெல்லிசு அலுமினியக் கால் தட்டுனா கணீர்னு ஒலிச்சுட்டே இருக்கும்.

இன்னொரு சுவாரசியமான வழிலயும் காத்து ஆட்டும். உருண்டையான டியூப்ப காத்து தாண்டும்போது பின்பக்கம் இடம் வலம்னு மாத்தி மாத்தி சுழல் உருவாகி பிஞ்சு போகும், ஒவ்வொரு சுழலும் டியூப்ப ஒரு பக்கமா இழுக்கும். செக் நாட்டு இயற்பியல்காரர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878-ல கம்பி காத்துல ஏன் பாடுதுன்னு ஆராய்ஞ்சு இதோட கணக்க கொடுத்தாரு: காத்து வேகத்த 0.2-ஆல பெருக்கி விட்டத்தால வகுத்தா சுழல் பிரியுற அதிர்வெண் வந்துரும். 23 செமீ டியூப், மணிக்கு 20 கிமீ காத்து போட்டு பாருங்க, 4.8 ஹெர்ட்ஸ். மேல சொன்ன 5 ஹெர்ட்ஸ் மவுண்டோட நம்பரே தான் கிட்டத்தட்ட! ஊஞ்சல நேரம் பாத்து தள்ற மாதிரி சின்ன சின்ன இழுப்பு சேர்ந்து பெரிய ஆட்டமாயிரும். ஆனா இத ரொம்ப பெருசாவும் எடுத்துக்க வேண்டாம்னு தான் நான் சொல்வேன். நம்ம டியூப் நீளம் கம்மி, சாஞ்சு நிக்குது, மாடி மேல வர்ற காத்து ஏற்கனவே கலங்குன காத்து, அதனால சுழல் ஒழுங்கா வரிசை கட்டி பிரியறதுக்கு வாய்ப்பு குறைவு. காத்து விட்டு விட்டு அடிக்கிறது தான் நம்ம முதல் வில்லன். "ஒரே சீரான காத்து, பெரிய காத்து கூட இல்ல, ஆனா ஸ்கோப் நிக்காம ஒரே தாளத்துல ஆடிட்டே இருக்கு"ன்னா மட்டும் சுழல சந்தேகப்படுங்க, ஸ்கோப்ப வேற பக்கம் திருப்புனா சட்டுனு அடங்கிரும்.

இந்த தலைவலி டெலஸ்கோப் அளவுக்கே பழசு. 1600-கள்ல ஒத்த லென்ஸ் வெச்ச ஸ்கோப்ல கலர் பிசிறு வராம இருக்கணும்னா ஃபோகல் லெந்த்த நீட்டிட்டே போகணும், வேற வழி இல்ல. இன்னைக்கு போலந்துல க்டான்ஸ்க்னு இருக்குற ஊர்ல ஜோஹன்னஸ் ஹெவேலியஸ்னு ஒருத்தர் இருந்தாரு, தொழில் பீர் காய்ச்சறது, வானியல் சொந்தக் காசுல, அதனால அவர நம்ம ஜாதியிலயே சேத்துக்கலாம். அவரு 150 அடி நீளத்துக்கு ஒரு ஸ்கோப் கட்டி 90 அடி கம்பத்துலருந்து கயிறு போட்டு தொங்க விட்டாரு. 1673-ல வந்த அவரோட புத்தகத்துல படத்தோட இருக்கு. கயிறு இழுக்க ஆளுங்க, பலகை வளையும், லேசா காத்து வந்தாலே மொத்தமும் ஆடும். கடைசில அத பெருசா பயன்படுத்த முடியல. டச்சுக்காரர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1684-ல இதுக்கு ஒரு தீர்வு வெளியிட்டாரு, டியூப்பே வேண்டாம்னு தூக்கிட்டாரு. லென்ஸ் மட்டும் உயரக் கம்பத்து மேல, ஐபீஸ் கீழ கைல, நடுவுல ஒரு நூல் கட்டி இழுத்து நேர் பாத்துக்கறது. காத்து புடிக்க பரப்பே இல்லையே! வான்ல ஒரு பொருள லென்ஸ்ல புடிக்கறதே பெரும்பாடு தான், ஆனாலும் அதே 1684-ல பாரிஸ்ல காசினி இந்த மாதிரி டியூப் இல்லாத ஸ்கோப்ல சனியோட டெத்திஸ், டயோனின்னு ரெண்டு துணைக்கோள கண்டுபிடிச்சாரு.

இன்னைக்கு பெரிய டாப்சோனியன்ல (தரைல வெச்ச பெட்டில உக்காருற நியூட்டோனியன்) டியூப்புக்கு பதிலா எட்டு கம்பி வெச்சு ட்ரஸ்ஸா கட்டுறது தூக்கிட்டு போக வசதிக்காக தான், ஆனா காத்து நாள்ல ஹைகன்ஸ் சொன்ன லாபமும் கிடைக்கும். மேல சுத்துற கருப்பு துணி மட்டும் அதுக்கு எதிரி. அந்த துணி போட்டா பரப்பு முழு டியூப் மாதிரி ஆயிரும், லூசா இருந்தா படபடன்னு அடிச்சு அதுவே ஆட்டும். இருட்டான கிராமத்துல, பக்கத்துல லைட் இல்லன்னா காத்து நாள்ல துணிய கழட்டிருங்க. டவுன்ல கழட்ட முடியாது, கழட்டுனா பக்கத்து வீட்டு ட்யூப்லைட் எல்லாம் கண்ணாடில வந்து உக்காரும்.

டாப்சோனியன்ல ஆட்டம் கம்மி தான், மாடில காத்து இருக்குன்னா கண்ணால பாக்கறதுக்கு அது தான் என் சாய்ஸ். பெட்டி தரையோட தரையா உக்காந்திருக்கு, ப்ளைவுட் அதிர்வ தின்னும், டெஃப்லான் உரசல் வேற இருக்கு. ஆனா அதுக்கு வேற நோய். 12 இன்ச் மூடுன டியூப் மேல 20 கிமீ காத்துல ஒரு கிலோ அளவுக்கு தள்ளல் விழும், உரசல் அத தாங்கலன்னா ஸ்கோப் மெதுவா காத்தாடி மாதிரி திரும்பி காத்து போற பக்கம் பாத்துக்கும். இதுக்கு கீழ் பேரிங்ல நடு போல்ட்ட கொஞ்சம் டைட் பண்ணா போதும். ஷ்மிட் காசக்ரெய்ன் (உள்ளயே வெளிச்சத்த மடிச்சு அனுப்புற குட்டை ஸ்கோப்) வெச்சிருக்கவங்க குடுத்து வெச்சவங்க, 8 இன்ச் கண்ணாடி, 2 மீட்டர் ஃபோகல் லெந்த், ஆனா டியூப் அரை மீட்டர் கூட இல்ல. அதுல பனி விழாம இருக்க முன்னாடி ஒரு நீள குழாய் மாட்டிட்டா அந்த லாபத்துல பாதி போச்சு.

நியூட்டோனியன்ல ஒண்ணு கவனிங்க. கண்ணாடி கீழ இருக்கறதால பேலன்ஸ் பாயிண்ட் டியூபோட நடுவுல வராது, கீழ்ப்பக்கமா வரும். எடைல பேலன்ஸ் ஆகி நிக்கிற ஸ்கோப் காத்துல பேலன்ஸ் இல்ல, ஏன்னா அச்சுக்கு மேல நீட்டிட்டு இருக்குற நீளம் அதிகம், காத்து அந்தப் பக்கம் அதிகமா தள்ளும். ஃபைண்டர் (குறி பாக்குற குட்டி ஸ்கோப்), கேமரா, தொங்குற கேபிள் எல்லாம் வேற மேல் முனைல தான் இருக்கு. கேபிள டியூப்போட ஒட்டி வெல்க்ரோல கட்டுங்க, அது சும்மா ஆடுனா கூட ஃபோகஸர இழுக்கும்.

இப்ப அந்த வெயிட் சமாச்சாரம். கவுன்டர்வெயிட் பத்தலன்னு கம்பிய நீட்டி, நுனில ஒரு சின்ன வெயிட்ட மாட்டி பேலன்ஸ் பண்றவங்க நிறைய. பேலன்ஸ் ஆகும், ஆனா சுழற்சி நிலைமம் தூரத்தோட வர்க்கத்துல கூடும். 5 கிலோவ 40 செமீல மாட்டறதும் 10 கிலோவ 20 செமீல மாட்டறதும் பேலன்ஸுக்கு ஒண்ணு தான், ஆனா மொதல்ல சொன்னதுல நிலைமம் ரெண்டு மடங்கு, அதிர்வெண் அந்த அளவுக்கு இறங்கி ஆட்டம் நீளும். அதனால கனமான வெயிட்ட அச்சுக்கு கிட்ட வைங்க. டியூப் நுனில வெயிட் சேக்கறதும் இதே தப்பு தான். வெயிட் போட்டா நல்லது நடக்குற ஒரே இடம் கீழ, டிரைபாடுக்கு நடுவுல.

அங்க நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல். ஈக்குவடோரியல் மவுண்டோட ஆர்ஏ அச்சு நம்ம அட்சரேகைக்கு ஏத்த கோணத்துல துருவத்த பாக்கணும். ஐரோப்பால 50 டிகிரி, நல்லா நிமிந்து நிக்கும், மேல இருக்குற எடை டிரைபாடுக்கு நேர் மேல வரும். சென்னைல 13 டிகிரி, மதுரை யாழ்ப்பாணத்துல 10 டிகிரி, அச்சு கிட்டத்தட்ட படுத்துகிட்டு இருக்கும், டியூபும் வெயிட்டும் வடக்கு பக்கமா டிரைபாட விட்டு வெளிய நீட்டிகிட்டு தொங்கும். சும்மாவே ஒரு பக்கம் பாரம், அதுல தென்மேற்கு காத்து வேற பின்னாடிலருந்து தள்ளுது. அதனால ஒரு கால கண்டிப்பா வடக்கு பாத்து வைங்க. மூணு கால் ஸ்டாண்ட் கால் இருக்குற பக்கமா சாய்றது கஷ்டம், ரெண்டு காலுக்கு நடுவுல இருக்குற பக்கமா சாய்றது ஈசி, ரெண்டுக்கும் ரெண்டு மடங்கு வித்தியாசம். அச்சோட சாய்வ புடிக்கிற அந்த ரெண்டு போல்ட்டயும் இறுக்குங்க, ஒண்ண மட்டும் இறுக்கி இன்னொண்ண காத்துல விட்டுட்டா மொத்த தலையும் அதுல தான் ஆடும்.

டிரைபாட் காலோட விறைப்பு நீளத்துக்கு மூணாம் அடுக்குல விழும். கால ரெண்டு மடங்கு இழுத்து விட்டா வளையறது எட்டு மடங்கு. நின்னுகிட்டு பாக்க வசதியா இருக்குன்னு கால முழுசா இழுக்கறவங்க அதுக்கு குடுக்குற விலை இது. கால உள்ள தள்ளிட்டு ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து பாருங்க. நடுவுல இருக்குற தட்ட மூணு காலையும் அழுத்திப் புடிக்கிற மாதிரி இறுக்குங்க. அப்புறம் 20 லிட்டர் வாட்டர் கேன், எல்லா வீட்லயும் இருக்கு, 20 கிலோ. அத நடுவுல தொங்க விடலாம், ஆனா கயிறுல சும்மா தொங்க விட்டா அது தனியா ஆடி ஸ்கோப்ப ஆட்டும். கேனோட அடி தரைய லேசா தொடணும், கயிறு விறைப்பா இருக்கணும். கேன் முழுசா நிரம்பியிருக்கணும், பாதி தண்ணின்னா உள்ள சலம்பும்.

காலுக்கு கீழ வைக்கிற ரப்பர் பேட் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஃபோகஸ் பண்ண கை வெச்சப்ப வர்ற நடுக்கத்த அது நிஜமாவே சீக்கிரம் அடக்கும், கான்கிரீட் தரைல நல்லா தெரியும். ஆனா ரொம்ப மெத்துன்னு இருக்குற எதையாவது போட்டா மொத்த ஸ்கோப்போட விறைப்பும் குறைஞ்சு, காத்துல சாயுற அளவு கூடிரும். யோகா மேட்ட வெட்டி போட்டுட்டு "இன்னும் மோசமாயிருச்சு"ன்னு சொல்றவங்களுக்கு அது தான் நடந்திருக்கும். காத்துக்கு எதிரா பேட ரொம்ப நம்பாதீங்க.

எது லூசுன்னு தெரியாம பார்ட் மாத்தாதீங்க, இது முக்கியம். ஐபீஸுக்கும் தரைக்கும் நடுவுல ஃபோகஸர், ரிங், டோவ்டெயில் பட்டை (டியூப்ப மவுண்ட்ல மாட்டுற பட்டை), சாடில் (அந்த பட்டைய கவ்வுற பிடி), டெக் பேரிங், ஆர்ஏ பேரிங், மவுண்ட் அடி, டிரைபாட் தலை, கால்னு ஒம்போது ஜாயிண்ட் இருக்கு, ஒவ்வொண்ணோட தளர்ச்சியும் கூட்டித் தான் மொத்த ஆட்டம். டோவ்டெயில் லூசா இருந்தா டிரைபாட் எவ்ளோ கனமா வாங்குனாலும் ஆட்டம் அப்படியே இருக்கும். ஒருத்தர் டியூப் நுனிய லேசா தள்ளி விட்டுட்டே இருக்க, இன்னொருத்தர் ஒவ்வொரு ஜாயிண்ட்டா விரல் வெச்சு தொட்டுப் பாத்தா எங்க அசையுதுன்னு விரலுக்கு தெரியும். நியூட்டோனியன்ல ரெண்டு ரிங்குக்கும் மேல இன்னொரு டோவ்டெயில் பட்டைய போட்டு இணைச்சா பெட்டி மாதிரி விறைப்பாயிரும், இருக்கறதுலயே சல்லிசான வேலை.

இவ்ளோ ஹார்டுவேர் பேசியாச்சு, ஆனா காத்து கம்மியா இருக்குற இடத்துக்கு நாலடி தள்ளி வெச்சா இதுல பாதி தேவையே படாது. மொட்டை மாடி காத்துக்கு ரொம்ப மோசமான இடம். சுவத்துல மோதி மேல ஏறுற காத்து கைப்பிடிச்சுவர் விளிம்புல பிஞ்சு மாடி மேல கலங்கி ஓடும், கைப்பிடிச்சுவர் மூணடி, நம்ம டியூப் சரியா அதுக்கு மேல அந்த கலங்கல்ல தான் நிக்கும். காத்து வர்ற பக்கத்து விளிம்புல வைக்காதீங்க. மாடிப்படி ரூமுக்கு பின்னாடி, காத்து மறையுற பக்கம் வைக்கலாம், பகல்ல காய்ஞ்ச சுவரு ராத்திரி பூரா சூட விட்டுகிட்டே இருக்கும்ன்றதால சுவத்த ஒட்டி இல்லாம கொஞ்சம் தள்ளி. கீழ முற்றமோ தோட்டமோ இருந்தா இன்னும் நல்லது, தரைக்கு கிட்ட காத்து வேகம் எப்பவும் கம்மி.

மறைப்பு கட்டணும்னா தார்ப்பாய் வேண்டாம். முழுசா அடைச்ச மறைப்புக்கு பின்னாடி பெரிய சுழல் உருவாகும், அத விட பாதி காத்த உள்ள விடுற மறைப்பு தான் நல்லா வேலை செய்யும், விவசாயத்துல காத்துத் தடுப்பு பத்தி படிச்சவங்களுக்கு இது தெரியும், சவுக்கு வரிசை நடுறது அந்த கணக்குல தான். நர்சரிக்கு போடுற பச்சை ஷேட் நெட்ல 50 சதவீதம்னு கேட்டு வாங்கி, ரெண்டு கம்பத்துல ஸ்கோப்போட டியூப் உயரத்துக்கு இழுத்துக் கட்டுங்க, நெட்டோட உயரத்துக்கு ரெண்டு மூணு மடங்கு தூரத்துக்குள்ள ஸ்கோப் நிக்கட்டும். கம்பத்த டிரைபாடோட எந்த வகைலயும் சேத்துக் கட்டாதீங்க. இழுத்துக் கட்டலன்னா அது படபடத்து பக்கத்து வீட்டுக்காரங்க மேல வருவாங்க.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டு கணவாய் வழியா உடுமலை, பல்லடம் பக்கமும், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா முப்பந்தல் பக்கமும் வீசுற காத்துக்கு காத்தாலையே நட்டு வெச்சிருக்காங்க. கொடுமை என்னன்னா பால்வீதியோட மையம் ராத்திரி நல்ல உயரத்துல நிக்கிறதும் அதே மாசங்கள்ல தான். அப்ப லாங் ஃபோகல் லெந்த் ஸ்கோப்ப உள்ளயே வெச்சுட்டு கேமரா லென்ஸ எடுங்க. 1000 மிமீல 0.78 ஆர்க்செகண்டா இருந்த பிக்சல் 200 மிமீ லென்ஸ்ல 3.9 ஆயிரும், அதே ஆட்டம் அஞ்சுல ஒரு பங்கா தெரியும், லென்ஸோட பரப்பு வேற ஒண்ணுமே இல்ல. ஜனவரி டு ஏப்ரல் உள்நாட்டு ஊர்கள்ல பொழுது சாஞ்சதும் தரைக்கிட்ட காத்து படிப்படியா படுத்துரும், அப்ப பெரிய ஸ்கோப்.

போட்டோ எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை கைடிங் பத்தி, அதாவது ஒரு நட்சத்திரத்த தனி கேமரால பாத்துகிட்டே மவுண்ட திருத்தறது. கைட் கேமரா ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ பாத்து திருத்துது, அது 5 ஹெர்ட்ஸ் ஆட்டத்த எப்பவும் திருத்த முடியாது, புரிஞ்சுக்கணும். காத்துல நட்சத்திரம் ஒதுங்குனத பாத்து அது திருத்தம் அனுப்பறதுக்குள்ள காத்து போயிருச்சு, ஸ்கோப் தானா திரும்ப வந்திருச்சு, இப்ப திருத்தமே புது தப்பா ஆகும். அதனால காத்து நாள்ல கைட் எக்ஸ்போஷர மூணு நாலு செகண்டா கூட்டி, அக்ரெசிவ்னஸ (ஒரு தடவைல எவ்ளோ திருத்தணும்ன்ற அளவு) குறைங்க. வார்ம் கியர்ல (மவுண்ட திருப்புற பல்சக்கரம்) இருக்குற இடைவெளிய ஒரு பக்கமா அழுத்தி வைக்க லேசா கிழக்கு கனமா பேலன்ஸ் பண்றது வழக்கம், ஆனா காத்து அந்த சின்ன அழுத்தத்த விட பெருசா தள்ளுனா கியர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அடிக்கும், நட்சத்திரம் ரெட்டை ரெட்டையா விழும். அத பாத்துட்டு மெஷ் அட்ஜஸ்ட்மெண்ட்ல (பல்சக்கர இடைவெளிய மாத்துற இடம்) கை வைக்காதீங்க, காத்து இல்லாத ஒரு நாள் மறுபடி எடுத்துப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. 5 நிமிச சப் (ஒரு தனி எக்ஸ்போஷர்) எடுக்கறத 30 செகண்ட், 1 நிமிசமா ஒடைச்சுட்டா ஒரு காத்து வந்தா அந்த ஒரு நிமிசம் தான் போகும், இப்ப வர்ற சிமாஸ் கேமராவுல ரீட் நாய்ஸ் (ஒவ்வொரு ஃப்ரேம படிக்கும்போதும் சேருற இரைச்சல்) கம்மின்றதால இதுல பெரிய நட்டம் இல்ல. கோள் படம் இன்னும் வசதி, 10 மில்லிசெகண்ட் ஃப்ரேம், ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஸ்கோப் ரெண்டு முனைலயும் ஒரு கணம் நின்னு தான் திரும்புது, ஆயிரக்கணக்குல ஃப்ரேம் எடுத்தா அந்த கணத்துல விழுந்த கூர்மையான ஃப்ரேம சாஃப்ட்வேர் பொறுக்கிக்கும்.

காவலூர்ல ஜவ்வாது மலைல இருக்குற 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்புக்கு டோம் இருக்கு, நமக்கு இல்ல. அதனால 30 கிமீக்கு மேல காத்து தூக்கி அடிக்க ஆரம்பிச்சா படத்த மறந்துட்டு ஸ்கோப் விழாம இருக்கறத பாருங்க. ராத்திரி பூரா தானா எடுக்கட்டும்னு விட்டுட்டு கீழ தூங்கப் போறவங்க கால்ல வெயிட் கட்டாம போகாதீங்க, காத்து கூடுற மாதிரி இருந்தா டியூப்ப காத்து வர்ற திசைக்கு நேரா திருப்பி வெச்சா பக்கவாட்டு பரப்பு போய் டியூபோட வாய் அளவு பரப்பு தான் மிஞ்சும், 8 இன்ச்ல அது அஞ்சுல ஒரு பங்கு. மூடியும் போட்டுருங்க, இல்லன்னா மாடி தூசி மொத்தமும் கண்ணாடில.